தென்காசி சபதம்... பார்த்தது யாரு?

ஒரு வீடு. காளி படம். எதிரே குங்குமம் கரைத்த தண்ணீர். 'இதுதான் வெள்ளைக்காரன் ரத்தம்' என்று சொல்லி ஒவ்வொருத்தராக வாங்கிக் குடிக்கிறார்கள். பிறகு கட்டைவிரலைக் கீறி, சொந்த ரத்தத்தால் காகிதத்தில் அடையாளம் வைக்கிறார்கள். இடம்: தென்காசி. வருஷம்: 1910.

புல்லரிக்குதுல்ல? கலெக்டர் ஆஷ் கொலையைப் பற்றி யார் எழுதினாலும், யார் மேடை போட்டுப் பேசினாலும், இந்த சீன் கண்டிப்பா உண்டு. எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸில் போட்ட நாடகத்தில் இதுதான் இன்டர்வெல். சிவப்பு லைட், உடுக்கை சத்தம், விசில் பறந்துச்சு.

ஆனா பாஸ், ஒரு சின்ன டவுட். சபதம் எடுத்தது ரகசியமா. கதவைச் சாத்திக்கிட்டு. அங்கே நிருபர் கிடையாது, போட்டோகிராபர் கிடையாது. அப்புறம் எப்படி நூறு வருஷம் தாண்டி நம்ம காலேஜ் மேடை வரைக்கும் அந்த சீன் வந்துச்சு?

உள்ளே இருந்த ஒருத்தர் வெளியே வந்து சொன்னார். அதான் விஷயம். போலீஸிடம் பிடிபட்டு, 'எல்லாத்தையும் சொல்லிடறேன், என்னை விட்டுடுங்க' என்று மன்னிப்பு வாங்கிக்கொண்டு, கூண்டில் ஏறிக் கூட்டாளிகளுக்கு எதிராகப் பேசினவர். கோர்ட் பாஷையில் அப்ரூவர். ஊர் பாஷையில்... எட்டப்பன்!

இந்த மேட்டர் கிளம்பினது குற்றால சீசனில். ஐந்தருவியில் ஆசைதீரக் குளித்துவிட்டு, தலை துவட்டாமலே பிரானூர் பார்டருக்குப் போய் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சொல்லிட்டு உட்கார்ந்திருந்தோம். அங்கேயிருந்து செங்கோட்டை கூப்பிடு தூரம். வாஞ்சிநாதன் ஊர். ஊருக்குள்ளே அவருக்குச் சிலை இருக்கு, மணிமண்டபம் இருக்கு. நாடகத்தில் வாஞ்சியா நடிச்ச மெக்கானிக்கல்காரன், "ஏலே, சிலைக்குப் பக்கத்துல ஒரு போட்டோ எடுத்துட்டுப் போவோம்"னு ஆரம்பிச்சான். "அந்த அப்ரூவர் மட்டும் இல்லேன்னா..."ன்னு அவன் வாயைத் திறந்ததுதான் தாமதம். எதிர் பெஞ்சில் இருந்த எங்க செட்டின் ஓட்டப்பிடாரம் பார்ட்டி இலையைத் தள்ளி வச்சிட்டான்.

ஏன்னா, அந்த அப்ரூவர் ஓட்டப்பிடாரத்துக்காரர்!

சண்டைக்குள்ளே போறதுக்கு முன்னாடி, கதை தெரியாதவங்களுக்கு ஒரு ரீவைண்ட்.

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ், மனைவி மேரியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். கொடைக்கானலில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பயணம். தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய மெயிலுக்காக வண்டி காத்து நிற்கிறது. காலை பத்தரை மணியைத் தாண்டின நேரம். குடுமி வைத்த ஒரு இளைஞர் பெட்டிக்குள் ஏறி, பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால் ஆஷைச் சுடுகிறார். இறங்கி ஓடி, பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் போய், தன்னையும் சுட்டுக்கொண்டு சாகிறார். அவருக்கு வயசு 25. பேர் வாஞ்சி. திருவிதாங்கூர் வன இலாகாவில், புனலூரில் வேலை பார்த்தவர். (செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர் ராஜ்யம். 1956 நவம்பர் 1-ல்தான் நம்ம பக்கம் வந்துச்சு. இப்போ தென்காசி மாவட்டம்.)

ஏன் ஆஷ்? 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல், அவர் கைது, மார்ச் 13-ல் திருநெல்வேலி முழுக்க வெடித்த கலவரம், அப்புறம் வ.உ.சி.க்குக் கொடுத்த 40 வருஷ தண்டனை... அந்தச் சமயத்தில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ். அந்தக் கோபம்தான் காரணம் என்று பாடப் புத்தகத்தில் படிச்சிருப்போம்.

சுட்டவரும் இல்லை, சுடப்பட்டவரும் இல்லை. பெட்டிக்குள் இருந்த மேரி கண்ணால் பார்த்த சாட்சி. அவருக்குத் தெரிந்தது ஒரு முகமும் சத்தமும்தான். அந்த முகத்துக்குப் பின்னாடி யார் யார் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? அதுக்குத்தான் போலீஸுக்கு உள்ளே இருந்த ஆள் தேவைப்பட்டது. வாஞ்சியின் வீட்டில் கிடைத்த கடிதங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது ஓட்டப்பிடாரம் ஆறுமுகம் பிள்ளையிடம் கொண்டுபோய் விட்டது. அவர் பேச ஆரம்பித்தார். பிறகு சோமசுந்தரம் பிள்ளை என்பவரும் அப்ரூவர் ஆனார். நீலகண்ட பிரம்மச்சாரி, வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணன், தென்காசி மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை என்று 14 பேர் மெட்ராஸ் ஹைகோர்ட் கூண்டில் நின்றார்கள். தேடுதல் வேட்டை நடந்த நாட்களிலேயே இரண்டு பேர் போலீஸ் கையில் சிக்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

ரீவைண்ட் முடிஞ்சது. இனி புரோட்டா கடை!

"காட்டிக் கொடுத்தவன் காட்டிக் கொடுத்தவன்தான். அதுல என்னலே டிபேட் வேண்டிக் கெடக்கு? ரெண்டு பேரு உயிரையே விட்டுருக்காங்க, இவரு கூண்டுல ஏறிப் பேரைப் பேரைச் சொல்லியிருக்காரு." இது மெக்கானிக்கல்.

"நீ நாடகத்துல சாகுறவன். ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சு டீ குடிச்சவன். 1911-ல போலீஸ் லாக்கப்புல உக்காந்து பாத்தியா? அவரு சொல்லலேன்னா தூக்குன்னு நெனச்சிருப்பாரு. வீட்டுல யார் யாரு இருந்தாங்களோ?" இது ஓட்டப்பிடாரம். "எங்க ஊருன்னா அப்ரூவர் மட்டும்தான் ஞாபகம் வருதா? வ.உ.சி. யாரு ஊருலே? மாடசாமி யாரு ஊரு?"

மாடசாமி பத்தி அப்புறம் சொல்றேன். அது தனி சஸ்பென்ஸ்.

இந்த இடத்தில்தான் எலெக்ட்ரிக்கல் படிக்கிற தோழி குறுக்கே வந்தாள். அவள் கேட்டதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வச்சது. "அவரு நல்லவரா கெட்டவரான்னு ஏன் அடிச்சுக்கிறீங்க? அவரு சொன்னது உண்மையா பொய்யான்னு கேளுங்க. பொய்னா, உங்க நாடகத்துல அந்த இன்டர்வெல் சீனை முதல்ல தூக்குங்க. உண்மைன்னா, அந்த சீனைக் கொடுத்தவரை மேடையில வச்சு ஏன் திட்டுறீங்க?"

புரோட்டா கடையில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை. கல்லில் கொத்து புரோட்டா தட்டுற சத்தம் மட்டும்தான்.

யோசிச்சுப் பாருங்க. அவள் சொன்னது நூத்துக்கு நூறு. தென்காசிக் கூட்டம், காளி படம், குங்குமத் தண்ணீர், விரல் ரத்தம் எல்லாமே அப்ரூவர் சாட்சியம் வழியாக கோர்ட் ரெக்கார்டில் ஏறி, அங்கிருந்து புத்தகத்துக்குப் போய், புத்தகத்திலிருந்து மேடைக்கு வந்தவை. நாம வாஞ்சிக்குக் கைதட்டுறோம், நீலகண்டருக்குக் கைதட்டுறோம். கைதட்ட வைக்கிற காட்சியைச் சொன்ன ஆளை 'துரோகி' என்று ஒரே வார்த்தையில் வெளியே நிறுத்திட்டு, அவர் கொண்டுவந்த சீனை மட்டும் உள்ளே எடுத்து வச்சுக்கிறோம். ரொம்ப சௌகரியமான ஏற்பாடுதான்!

சட்டம் என்ன சொல்லுது?

எங்க கூட வந்த ஒரு அண்ணன் திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறார். அதுவரைக்கும் அவர் பாட்டுக்கு சால்னாவில் கவனமா இருந்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்க"ன்னு இழுத்துவிட்டோம். அவர் சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி எழுதறேன்.

1872-ம் வருஷ சாட்சியச் சட்டத்தில் ரெண்டு இடம். 133-வது பிரிவு, குற்றத்தில் கூட்டாளியா இருந்தவனும் சாட்சி சொல்லலாம், அவன் பேச்சை மட்டும் நம்பித் தண்டனை கொடுத்தாலும் அது சட்ட விரோதம் ஆகாது என்கிறது. 114-வது பிரிவில் ஒரு உதாரணம், அதே கூட்டாளியின் பேச்சு முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரத்தால் உறுதிப்படாவிட்டால் நம்பத் தகுந்தது இல்லை என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஒரு கை 'வா'ங்குது, ஒரு கை 'தள்ளி நில்லு'ங்குது! நடைமுறையில் ஜட்ஜுகள் ரெண்டாவது கையைத்தான் அதிகம் பார்ப்பாங்களாம். 'அப்ரூவரே, நீ சொன்னது இருக்கட்டும். அதுக்கு வெளியிலேர்ந்து ஆதாரம் எங்கே?'

இந்த 'வெளியிலேர்ந்து' என்கிற வார்த்தை முக்கியம். எங்க லேபில் ஒரு பழைய வோல்ட்மீட்டர் உண்டு. எதை வச்சாலும் முள் ஒரே இடத்தில் போய் நிக்கும். அதையே பத்து தடவை வச்சுப் பார்த்து, 'பத்து தடவையும் ஒரே ரீடிங் சார்'னு சொன்னா லேப் சார் விடுவாரா? இன்னொரு மீட்டர் கொண்டா என்பார். அப்ரூவர் மேஜிஸ்ட்ரேட்கிட்ட ஒரு தடவை சொன்னதையே கோர்ட்டில் மறுபடி சொன்னா, அது ரெண்டு ஆதாரமா, ஒண்ணுதானா? ஆஷ் வழக்கோட தொடர்ச்சியா 1912-ல் முத்துக்குமாரசாமி பிள்ளை வழக்கு என்று மெட்ராஸ் ஹைகோர்ட் ஃபுல் பெஞ்சுக்கே போச்சு. கூட்டாளி சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அங்கே அலசினார்கள். சட்ட மாணவர்கள் இன்னைக்கும் அதைப் படிக்கிறாங்க. நம்ம தென்காசி கேஸ் பாஸ்!

அந்த இன்னொரு மீட்டர் ஆஷ் வழக்கில் இருந்துச்சா? கொஞ்சம் இருந்துச்சு. கடிதங்கள் இருந்தன. 1911 ஜனவரியில் வாஞ்சி மூணு மாசம் லீவு போட்டுட்டுப் பாண்டிச்சேரி போனார் என்பது 1918-ல் வந்த ரௌலட் கமிட்டி அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அங்கே வ.வே.சு. ஐயர் இருந்தார், துப்பாக்கிப் பயிற்சி நடந்தது என்பதும் அதில் உண்டு. லீவு விஷயம் யாரோ வாயால் சொல்ல வேண்டியது இல்லை. சர்க்கார் உத்தியோகத்தில் லீவுக்கு ரெக்கார்டு உண்டு. ஆக ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் அறிந்தவர்கள், ஊர் ஊராகக் கூடினார்கள், பாண்டிச்சேரித் தொடர்பு இருந்தது என்பதை அப்ரூவரைத் தள்ளி வச்சாலும் நிறுத்த முடியும்.

ஆனா குங்குமத் தண்ணீருக்கு எந்த மீட்டரும் கிடையாது. அந்தக் கிண்ணத்தை எந்த லீவு ரெக்கார்டும் காட்டாது. எது அதிகமா புல்லரிக்க வைக்குதோ, அதுக்குத்தான் ஆதாரம் கம்மி. இது என் கருத்து: கூட்டம் நடந்தது என்பதை நம்பறேன். சபதம் எடுத்தார்கள் என்பதையும் நம்பறேன். கிண்ணம், காளி, கட்டைவிரல் என்று ஒவ்வொரு டீட்டெயிலும் அப்படியேதான் இருந்ததா என்றால், பென்சிலால்தான் டிக் அடிப்பேன். பிடிபட்டவருக்குப் போலீஸை நம்ப வைக்க வேண்டிய அவசியம் இருந்தது. வெறும் 'கூடிப் பேசினோம்' என்பதைவிட ரத்தம் கலந்த கதைக்கு வெயிட் ஜாஸ்தி. அவர் அப்படிச் செய்தார் என்று சொல்லலை. செய்யறதுக்குக் காரணம் இருந்தது என்று மட்டும் சொல்றேன். குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்களுக்காக வந்த வக்கீல்களில் ஒருத்தர் டி. பிரகாசம். ஆமா, பின்னாளில் மெட்ராஸ் மாகாண முதல் மந்திரியாகவும், ஆந்திராவின் முதல் முதல்வராகவும் ஆன அதே பிரகாசம்!

கோர்ட்டும் அப்ரூவர் சொன்னதை அப்படியே முழுங்கிடலை. இது பல பேருக்குத் தெரியாது. மூணு ஜட்ஜ் கொண்ட ஸ்பெஷல் பெஞ்ச், ஜூரி கிடையாது. தலைமை நீதிபதி ஆர்னால்ட் ஒயிட், நீதிபதி ஐலிங், நீதிபதி சங்கரன் நாயர். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு. 14 பேரில் 5 பேர் விடுதலை! தண்டனை பெற்ற 9 பேரில் அதிகபட்சம் நீலகண்டருக்கு 7 வருஷம். சங்கரகிருஷ்ணனுக்கு 4 வருஷம். யாருக்கும் தூக்கு இல்லை. கலெக்டரையே கொன்ற வழக்கில், வெள்ளைக்கார சர்க்காரின் கோர்ட்டில்! அதில் உட்கார்ந்திருந்த சங்கரன் நாயர்தான் பிறகு ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு எதிர்ப்புத் தெரிவித்து 1919-ல் வைஸ்ராய் கவுன்சிலிலிருந்து ராஜினாமா செய்தவர். 2025-ல் அக்ஷய் குமார் நடிச்சு வந்த 'கேசரி சாப்டர் 2' பார்த்தவங்களுக்குப் பேர் தெரியும்.

அதில் இன்னொரு முடிச்சும் இருக்கு. வாஞ்சி, நீலகண்டர், பாண்டிச்சேரி என்று இந்த வழக்கின் கதை ரௌலட் அறிக்கையில் மெட்ராஸ் பற்றின பகுதியில் ஏறினது. அந்த அறிக்கையைக் காட்டித்தான் 1919-ல் விசாரணையே இல்லாமல் உள்ளே போடுகிற ரௌலட் சட்டம். அதை எதிர்த்துத்தான் நாடு முழுக்கக் கொந்தளிப்பு, பஞ்சாபில் ஜாலியன்வாலா பாக். கூண்டில் நின்று ஒருத்தர் தன் தலையைக் காப்பாத்திக்கச் சொன்னது எங்கேயெல்லாம் போய்ச் சேருது பார்த்தீங்களா?

வங்காளத்தில் ஒருத்தர், பம்பாயில் ஒருத்தர்

ஆறுமுகம் பிள்ளை பேசினதுக்கு மூணு வருஷம் முன்னாடி, கல்கத்தா அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் நரேந்திரநாத் கோசாயின் என்பவர் அப்ரூவர் ஆனார். 1908 ஆகஸ்ட் 31-ல் ஜெயிலுக்குள்ளேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள், கனாய்லால் தத்தும் சத்யேந்திரநாத் போஸும். ரெண்டு பேரும் தூக்குமேடை ஏறினார்கள். கோசாயினைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாமலே போனதால் அவர் சொன்னதை அரவிந்தருக்கு எதிராகப் பயன்படுத்த முடியவில்லை. அரவிந்தர் விடுதலையாகி, 1910-ல் பாண்டிச்சேரிக்கு வந்துவிட்டார். அப்ரூவர் ஆனா என்ன நடக்கும்னு நாட்டுக்கே தெரிஞ்சிருந்த காலம் அது. ஓட்டப்பிடாரம் பார்ட்டி இதைக் கேட்டதும், "பாத்தியா, பயந்தவன் எப்படிலே கூண்டுல ஏறுவான்?"னு ஒரு பாயின்ட் போட்டான். பயந்தவன்தான் ஏறுவான் என்று மெக்கானிக்கல் பதிலுக்குப் போட்டான். ரெண்டும் சரியாத்தான் தோணுச்சு!

காந்தி கொலை வழக்கு இன்னும் சுவாரஸ்யம். பூனாவில் ஆயுதம் விற்ற திகம்பர் பாட்கே அப்ரூவர் ஆனார். செங்கோட்டையில் விசாரணை (இது டெல்லி செங்கோட்டை, நம்ம செங்கோட்டை இல்லை). 1949 பிப்ரவரி 10-ல் தீர்ப்பு. பாட்கே உண்மையைத்தான் சொல்கிறார் என்று நீதிபதி ஆத்ம சரண் நம்பினார். ஆனாலும் சாவர்க்கரைப் பற்றி பாட்கே சொன்னதுக்கு வெளியிலிருந்து ஆதாரம் கிடைக்கலைன்னு அவரை விடுதலை செய்தார். நம்பினார், ஆனா தண்டிக்கலை! அந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றி 75 வருஷமா சண்டை ஓயலை.

ஸ்ரீபெரும்புதூரை எல்லாருக்கும் தெரியும். 1991 மே 21. அங்கே முக்கியமான சாட்சி மனுஷனே இல்லை, ஒரு கேமரா. போட்டோ எடுத்த ஹரிபாபு குண்டுவெடிப்பில் செத்துப்போனார், கேமரா பிழைச்சது. தணுவும் சிவராசனும் அதில் விழுந்திருந்தார்கள். கேமராவுக்கு மன்னிப்பு தரவேண்டாம், மிரட்ட முடியாது. அதே வழக்கில் மனுஷங்க கொடுத்த வாக்குமூலங்கள் எத்தனை சர்ச்சை ஆச்சு! கீழ்க்கோர்ட்டில் 26 பேருக்கும் தூக்கு. 1999-ல் சுப்ரீம் கோர்ட்டில் 19 பேர் வெளியே வந்தார்கள்.

"அருவியில குளிக்க விடலையாம்ல..."

இத்தனை நேரமும் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்த கடைக்கார அண்ணாச்சி இப்போ என்ட்ரி கொடுத்தார். "தம்பிகளா, அதெல்லாம் இருக்கட்டும். ஆஷு துரை குத்தாலத்துல நம்மாளுவளக் குளிக்க விடலையாம்லா. வெள்ளக்காரன் குளிச்ச பொறவுதான் நாம குளிக்கணுமாம். அதுக்குத்தான் வாஞ்சி சுட்டதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு."

பக்கத்து டேபிளில் சாப்பிட்டுக்கிட்டிருந்த ஒரு பெரியவர் சும்மா இருப்பாரா? "அண்ணாச்சி, நேர் எதிரால்லா சொல்லுதீரு. எல்லாச் சாதிக்காரனும் அருவியில குளிக்கலாம்னு ஆஷு உத்தரவு போட்டாரு. அது பிடிக்காமத்தான் சுட்டாங்கன்னு எங்க பக்கம் சொல்லுவாவ."

ஒரே அருவி, ஒரே ஆஷ், ரெண்டு கதை, ஒண்ணுக்கொண்ணு தலைகீழ்! இன்னொரு கதையும் ஊரெல்லாம் சுத்துது. பிரசவ வலியில் துடிச்ச ஒரு தலித் பெண்ணை ஆஷ் அக்கிரகாரத் தெரு வழியா வண்டியில் கொண்டுபோனார், அதனால் வாஞ்சிக்குக் கோபம் என்று. 'ஆஷ் அடிச்சுவட்டில்' எழுதிய வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி போன்றவர்கள் இந்த மாதிரிக் கதைகளுக்கு ஆவண ஆதாரம் இல்லை என்கிறார்கள்.

அதுக்காக சாதிக் கேள்வியே இல்லைன்னு கதவைச் சாத்திட முடியாது. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் ஒரு சாட்சிதானே? அதில் ஆஷ் பேரே கிடையாது. கோரல் மில் இல்லை, கப்பல் இல்லை, அருவியும் இல்லை. ஆங்கிலேயர் சனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள் என்ற கோபமும், மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சனுக்கு இந்த நாட்டில் முடிசூட்டுவதா என்ற கோபமும்தான் இருக்கு. ஐந்தாம் ஜார்ஜுக்கு லண்டனில் முடிசூட்டு விழா 1911 ஜூன் 22. கொலை நடந்தது அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி. மன்னர் நம்ம நாட்டில் கால் வச்சதும் கொல்ல 3000 மதராசிகள் சபதம் எடுத்திருக்கிறோம் என்றும் எழுதியிருந்தார். மன்னரை 'ஜார்ஜ் பஞ்சமன்' என்று எழுதியிருக்கிறார். 'பஞ்சமன்' என்றால் ஐந்தாமவன், அவ்வளவுதான் என்று ஒரு தரப்பு. அந்தக் காலத்தில் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் அதே வார்த்தைதான், ரெண்டு அர்த்தமும் அதில் ஒலிக்குது என்று இன்னொரு தரப்பு. எங்க டேபிளில் இதுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போச்சு. எலெக்ட்ரிக்கல் தோழி அந்தக் கடிதத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை. "வாஞ்சி தியாகத்தைக் குறைச்சுப் பேசலை. அவரு என்ன நெனச்சாருன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. அதைப் படிக்காம வேற எதையோ அவரு வாயில போடாதீங்க."

செத்தவர் எழுதின கடிதத்தைப் பொதுவா யாரும் சந்தேகப்பட மாட்டோம். சாகப்போறவர் ஏன் பொய் சொல்லணும்? ஆனா கணக்குப் போடுங்க. 3000 பேர் சபதம் எடுத்தது உண்மையா இருந்தா, அத்தனை வலை வீசின போலீஸுக்குக் கூண்டில் நிறுத்த 14 பேர்தானா கிடைச்சிருப்பாங்க? அந்த நம்பர் வெள்ளைக்காரனைப் பயமுறுத்த எழுதினது. தப்புன்னு சொல்லலை, அது ஒரு போர்த் தந்திரம். ஆக உயிரைக் கொடுத்தவர் கடிதத்திலும் கொஞ்சம் கூட்டல் இருக்கு, உயிரைக் காப்பாத்திக்கிட்டவர் சாட்சியத்திலும் கூட்டல் இருந்திருக்கலாம். ஒண்ணை ஃபிரேம் போட்டு மாட்டறோம், இன்னொண்ணைக் காறித் துப்பறோம். உண்மையைத் தேடறவனுக்கு ரெண்டும் ஒரே மேஜையில் வைக்க வேண்டிய காகிதங்கள்தான். இன்னும் சொன்னா, அப்ரூவரையாவது பிரகாசம் மாதிரி வக்கீல்கள் எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்க முடிஞ்சது. கடிதத்தைக் கேட்க முடியாதே!

"அப்ப எட்டப்பன்னு சொல்லலாமா கூடாதா, ஒரே வார்த்தையில சொல்லு"ன்னு மெக்கானிக்கல் என்னைப் பிடிச்சுக்கிட்டான். சொல்லணும்னா சொல்லிக்கோ. கூட்டாளிகளுக்குச் செஞ்சது துரோகம்தான், ஜெயிலில் 7 வருஷம் எண்ணினவருக்கு அது நல்லாவே தெரிஞ்சிருக்கும். ஆனா துரோகம் செஞ்சவர் சொன்னது எல்லாம் பொய்யா இருக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்லை. அதே மாதிரி, அவர் சொன்னது உண்மைங்கிறதுக்காக அவர் செஞ்சது துரோகம் இல்லைன்னும் ஆகிடாது. நம்ம ஆளுங்க இந்த ரெண்டையும் ஒரே கணக்கில் எழுதறதாலதான் குழப்பமே. (அடுத்த தடவை நாடகம் போட்டா, அந்த சபத சீனில் மூலையில் ஒருத்தரை நிக்க வைக்கணும். எல்லாரோடயும் சேர்ந்து குடிக்கிறவரா. கடைசியில் கூண்டில் ஏறி அந்த சீனையே அவர் வாயால் சொல்லணும். மெக்கானிக்கல் சம்மதிச்சுட்டான், ஆனா அந்த ரோலுக்கு ஆள் கிடைக்கலை!)

சட்டம் படிக்கிற அண்ணன் கை கழுவிட்டு வந்து இன்னொரு விஷயம் சொன்னார். 1872 சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் புது சாட்சியச் சட்டம் அமலில் இருக்கு. அதில் கூட்டாளி சாட்சியைப் பற்றிய பிரிவு 138. பழைய சட்டம், வேற ஆதாரம் உறுதிப்படுத்தாத சாட்சியத்தின் மேல் தண்டனை கொடுத்தாலும் சட்ட விரோதம் இல்லைன்னு சொல்லுச்சு. புதுச் சட்டம், உறுதிப்படுத்தப்பட்ட சாட்சியத்தின் மேல் கொடுத்தால் சட்ட விரோதம் இல்லைங்குது. ரெண்டே எழுத்து, 'தாத' என்கிறது 'பட்ட' ஆயிடுச்சு. லேப் சார் கேட்ட அந்த இன்னொரு மீட்டர், சட்டப் புத்தகத்திலேயே ஏறியாச்சு.

பஸ்ஸில் திரும்பும்போது தென்காசி கோபுரம் தாண்டினதும் எனக்கு அந்த மாடசாமி ஞாபகம் வந்தார். சஸ்பென்ஸ்னு சொன்னேன்ல? மணியாச்சியில் வாஞ்சி தனியா வரலை, கூட இன்னொருத்தர் இருந்தார், சத்தம் கேட்டதும் ஓடி மறைஞ்சார் என்பது கதை. அவர்தான் ஓட்டப்பிடாரம் மாடசாமி என்று சொல்வார்கள். போலீஸ் தேடித் தேடிக் கடைசி வரைக்கும் அவரைப் பிடிக்கவே முடியலை. தெரிஞ்சதை எந்தக் கூண்டிலும் ஏறிச் சொல்லாமலே போயிட்டார்.

"அவரு மட்டும் மாட்டியிருந்தா, வாயத் தெறந்திருப்பாரா மக்கா?"ன்னு ஓட்டப்பிடாரம் பார்ட்டிகிட்டே கேட்டேன்.

"எங்க ஊரு ரெண்டு மாதிரியும் உண்டுலே"ன்னான். பஸ் அதுக்குள்ளே ஆலங்குளம் வந்துடுச்சு.